கோல் லைனில் சுண்ணாம்பு

டோல்கேட்டைத் தாண்டிய பிறகுதான் மைதானத்துச் சாவிக்கொத்து இன்னும் என் இடுப்பிலேயே இருப்பது தெரிந்தது. தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போனது. கீழே டிரெய்லர் லாரிகள் நகராமல் நின்றன. என் தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சவரக் கத்தி. எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் என்னிடம் இவ்வளவுதான் இருக்கும். சாவியைக் கொடுக்க கிளப் ஆபீஸ் படியை மறுபடி ஏற முடியாது. ஏறினால் செயலாளரின் சட்டையைப் பிடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அது பயமில்லை, ஆசை.

எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் தினமும் விடியற்காலையில் டீ குடிக்கும் கடை அந்தப் பக்கம்தான். கடைக்காரரிடம் கொத்தைக் கொடுத்தேன்.

"மேடம் வந்தா குடுத்துடு. வேற எவன் கேட்டாலும் குடுக்காத."

"இன்னா தலைவரே, பையோட கெளம்பிட்ட? ஊருக்கா?"

"எனக்கு ஏதுய்யா ஊரு."

அந்தக் கொத்தில் ஏழு சாவிகள். கேட், கழிப்பறை, துணி மாற்றும் அறை, பந்து வைக்கும் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் உண்டு. பெயின்ட் வைத்த அறையின் சாவி மட்டும் கிடையாது. அதைச் செயலாளர் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகப் போய், விசாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கி, குஜராத்தில் உப்பள வேலை பார்த்து, திரும்பி வந்து காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். எங்கேயும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. ராயபுரம் பக்கத்தில் இருந்த அந்த மைதானத்தில்தான் நாலு வருஷம் இருந்தேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் படுத்துக்கொள்ளலாம், மைதானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருக்குவது, வலை கட்டுவது, கோடு போடுவது எல்லாம் என் வேலை. ஆண்கள் அணி ஒன்று இருந்தது. பிறகு பெண்கள் அணியும் வந்தது. கிளப்பில் யாரும் ஆசைப்பட்டுக் கொண்டுவந்ததில்லை. பெண்களுக்கு தேசிய அளவில் லீக் என்று ஒன்று வந்துவிட்டது. அதில் ஒரு அணி இருந்தால் கிளப்பின் பேர் டெல்லி வரைக்கும் போகும் என்று செயலாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

பயிற்சியாளர் அந்தக் காலத்து ஆட்டக்காரி. ரயில்வேயில் குமாஸ்தா. காலையில் ஆறிலிருந்து எட்டு வரை பெண்களை ஓடவிட்டுவிட்டு, அப்படியே முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் வலை கட்டிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"எங்க டைம்ல லீக்குன்னு ஒண்ணு கெடையாதுயா. வருசத்துக்கு ஒருக்கா ஸ்டேட் டீமுன்னு கூட்டிகினு போவாங்க. ரயில்ல கக்கூஸ் பக்கத்துல குந்திகினு போவோம். நாலு மேட்ச் ஆடிட்டு வூட்டுக்கு வந்தா, அடுத்த வருசம் வரைக்கும் பந்து கண்ணுல படாது. இப்போ இதுங்களுக்கு வந்துகீது. விடக் கூடாது."

லீக் வந்தது உண்மைதான். முதலில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, இரண்டு வாரத்தில் அவசர அவசரமாக முடித்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் போய் ஆடும் முறை வந்தது. பிறகு இரண்டாம் டிவிஷன் வந்தது. அதில் எங்கள் பெண்கள் ஆடினார்கள். கூடவே ஒரு தடித்த விதிப் புத்தகமும் வந்தது. மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். இரண்டு அணிக்கும் தனி அறை வேண்டும். கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் போய்ச் சேர்ந்தால் விதி நிறைவேறியது என்று அர்த்தம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட வேண்டும் என்று மட்டும் அதில் எழுதவில்லை போலிருக்கிறது. சாயங்கால மைதானம் ஆண்களுக்கு. எங்கள் பெண்கள் மதியம் இரண்டரை மணிக்கு ஆடினார்கள்.

எங்கள் கோல்கீப்பர் நெட்டுக்குப்பத்துப் பெண். இருபது வயது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா இறால் விற்கிறவர். எண்ணூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காலையிலேயே அவள் பையின் மேல் படிந்திருக்கும். உயரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்பது உதைப்பவளுக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். வாய் அதிகம். எதிரணி பெனால்டி அடிக்க வந்தால், "வா கண்ணு, லெஃப்ட்ல அடிக்கப் போற, அதான? அடி, புடிச்சிக் குடுக்கறேன்" என்பாள். இந்தி பேசும் பெண்ணாக இருந்தாலும் தமிழில்தான் சொல்வாள். அவர்களுக்கு எப்படியோ புரிந்துவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் கோலுக்குள் போய் நிற்பாள். கையுறை இரண்டையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வாள். குனிந்து, கோல் லைனைத் தொட்டு, வலக் கண்ணில் ஒற்றி, பிறகு இடக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் ஒரு முறை கிண்டல் செய்தேன்.

"சாமியா அது? கோலமாவும்மா அது."

"எங்கப்பா போட்டுல ஏறச் சொல்ல முன்பக்கத்து அணியத்தைத் தொட்டு கண்ணுல வச்சிக்குவாரு. கிளவுசு போட்டுகினா தொடுவாரு? இது என் போட்டு. நீ வேலையப் பாருண்ணா."

நான் போட்ட கோட்டை ஒருத்தி கண்ணில் வைத்துக்கொள்கிறாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு வருஷம் அந்த மைதானத்தில் தங்கியதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் ஆட்டத்துக்குக் கோலமாவில்தான் கோடு போடுவேன். ஆண்கள் போட்டிக்கு வெள்ளை பெயின்ட் வரும். போன ஹோம் மேட்சில் கடற்காற்று மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தகராறு. நடுவர் எதிரணிக்குக் கோல் கொடுத்துவிட்டார். போனில் நேரலையாகப் பார்த்த யாரோ, கோடே இல்லாத மைதானம் என்று கேலி செய்து எழுதினார்கள். செயலாளருக்கு அதுதான் உறுத்தியது. கோல் போனது உறுத்தவில்லை.

கடைசி ஹோம் மேட்ச் வந்தது. டிரா செய்தால் போதும், மேல் சுற்றுக்குப் போகலாம். வேறு மாநிலத்து கிளப் ஒன்று எங்கள் கீப்பரைக் கேட்டிருந்தது. மாதச் சம்பளத்தோடு, தங்க இடத்தோடு, முதல் டிவிஷனில் ஆட. அவர்கள் ஆள் அன்றைக்குப் பார்க்க வருவதாக மேடத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டில் இருந்தவர்களைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

முந்தின நாள் முழுக்க ஆண்கள் போட்டி. ஆட்டத்தன்று காலை பத்து மணிக்குத்தான் மைதானம் என் கைக்கு வந்தது. பழைய கோடுகள் மிதிபட்டுப் போயிருந்தன. செயலாளர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்.

"இன்னைக்கு லைன் பளிச்சுனு தெரியணும். மாவு கீவுன்னு போட்ட, தொலைச்சிடுவேன்."

"பெயின்ட் குடுங்க சார். உள்ள நாலு டின் கீது."

"அது ஆம்பளைங்க ஃபைனலுக்கு வச்சிருக்குது. காம்பவுண்டுக்கு அடிச்ச சுண்ணாம்பு மூட்டை கெடக்குதே, அதைக் கரைச்சு ஊத்து. பொம்பளைங்க மேட்சுக்கு அது போதாதா?"

நான், "சரி சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை எத்தனையோ முதலாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையும் அது இப்படி வாய்க்குள் கிடந்து எரிந்ததில்லை.

கல் சுண்ணாம்பைத் தாளிக்க வேண்டும் என்பது கொத்தனாருக்குத் தண்ணீர் தூக்கியவனுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். இரண்டு நாளாவது ஊற விட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். எனக்கு இருந்தது நாலு மணி நேரம். பாதி டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். புகை எழும்பியது. ஆறவிடாமல் கலக்கி, குவளையால் மொண்டு கயிறு பிடித்துக் கோடு போட்டேன். போன முறை தகராறு வந்தது கோல் லைனில்தானே என்று, இரண்டு பக்கமும் அதை மட்டும் இரட்டைக் கனமாகப் போட்டேன். மேலே வெள்ளையாகப் பளபளத்தது. ஓரங்களில் கரையாத கட்டிகள் கிடந்தன. பிறகு நன்றாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். சுண்ணாம்பு பட்டால் என் விரல் பொத்துப்போகும் என்று, கலக்குவதற்கு முன்னால் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. என் கைக்குத் தெரிந்தது அவள் கண்ணுக்கு என்று யோசிக்கவில்லை.

இரண்டரை மணி. அவள் கோலுக்குள் போனாள். கையுறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டாள். நான் பந்து பொறுக்கிப் போட கோலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் குனிந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. "யம்மா, வேணாம்" என்று கத்தினேன். வலக் கண்ணில் வைத்துவிட்டாள். கை இடக் கண்ணுக்குப் போய்விட்டது.

அவள் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

மைதானத்துக் குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். மேடம் ஓடி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனை அப்படியே தூக்கி அவள் முகத்தில் கவிழ்த்தார். "கண்ணைத் தொற, கண்ணைத் தொறடி, மூடாத" என்று கத்திக்கொண்டே ஊற்றினார். ஆம்புலன்ஸ் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்தது, கேட்டில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், வேறு சவாரிக்குப் போய்விட்டது. லீக் அனுப்பியிருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாற்று கீப்பர் யார்?" என்று கேட்டார். மாற்று கீப்பர் கிடையாது. ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் பரீட்சை. வலது பக்கம் தடுப்பாட்டம் ஆடும் பெண்ணுக்கு அவசரமாகக் கையுறை மாட்டினார்கள்.

மேடம் நகர முடியாது. நான்தான் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். மடியில் தண்ணீர்க் கேன். வழி முழுக்க ஊற்றிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் சீட் நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருக்கும் ஒரே நல்ல மனிதர் அவர்.

அவள் வலியில் என் முழங்காலைப் பிடித்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிச்சிட்டாங்களா?"

"ஆரம்பிச்சிருப்பாங்க. கண்ணைத் தொற."

"என் போனை எடு. லைவ் போடு. இன்னா ஸ்கோருன்னு சொல்லு."

ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் போன். சிக்னலில் நின்றபோது படம் தெளிவாக வந்தது. கோடுகள் அவ்வளவு அழகாகத் தெரிந்தன. மின்னிக்கொண்டிருந்தன. அந்தப் போனை ரோட்டில் போட்டு உடைக்கத் தோன்றியது. "ஜீரோ ஜீரோ" என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போதும் கேட்டாள். "ஜீரோ ஜீரோ" என்றேன். முடியப் போகும் நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. அவள் கேட்டாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அவளே, "லெஃப்ட் சைடா?" என்றாள். ஆமாம், இடது பக்கம்தான்.

நாலு நாள் கழித்து, அதாவது நான் பையோடு கிளம்பிய அன்று, செயலாளர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். லீக் விளக்கம் கேட்டிருக்கிறதாம். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"கையெழுத்து போட்டுடு. உனக்கு ஒண்ணும் ஆவாது. வேலையும் இருக்கும்."

நான் மெதுவாகப் படிப்பவன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கோடு போட்ட பொருளைத் தொட வேண்டாம் என்று வீராங்கனைகளுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதாகவும், அவள் அதை மீறித் தன் மூடநம்பிக்கையால் கண்ணில் வைத்துக்கொண்டதாகவும், இதை நேரில் பார்த்த சாட்சி நான் என்றும் எழுதியிருந்தது.

"யாரு சார் சொன்னாங்க, தொடாதன்னு?"

"நீதான் சொன்ன. 'வேணாம்'னு கத்துனியே, எல்லாருக்கும் கேட்டுச்சே."

அவருடைய மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். என் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தையை எடுத்து அவள் கழுத்தில் சுருக்காகப் போட்டுவிட்டார். நான் பேனாவை வாங்கினேன். தாளைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்த பக்கத்தில், "சுண்ணாம்பு போட்டது நான். தாளிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாலு டின் பெயின்ட் உள்ளே இருந்தது. கேட்டேன், தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். மேசையில் வைக்காமல், நேராக மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து ரயில்வே பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகுதான் கொட்டகைக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

திருவொற்றியூர் தாண்டி, எர்ணாவூர் தாண்டி, நெட்டுக்குப்பத்துக்கு நடந்தேன். பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய தூசியில் வாயெல்லாம் மண். போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் வீட்டு வாசலில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைத் தட்டில் எறிந்தார்.

"வா நைனா வா. வெள்ளையடிக்க வந்தியா? வூட்டுச் செவுரு பாக்கி கீது."

அடுத்த இறாலை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளிருந்து அவள் வந்தாள். இடது கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். வலது கண்ணில் பாசி படிந்தாற்போல ஒரு மூடல். பத்து நாள் கழித்து மறுபடி பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வெளிமாநில கிளப், கண் சர்டிபிகேட் அனுப்பச் சொல்லிவிட்டு அதற்கப்புறம் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"அதை வுடு. பெயின்டு கேட்டியாமே? மேடம் போன்ல சொன்னாங்க."

"கேட்டேம்மா."

"எத்தினி வாட்டி?"

"ஒரு வாட்டி."

"ஒரு வாட்டி," என்றாள். "நாங்க கத்துனா பொம்பளைங்க கத்துதுங்கன்னு சொல்லுவான். கிரவுண்டு கேட்டு கத்துனோம், தண்ணி கேட்டு கத்துனோம், ஒரு மயிரும் நடக்கல. நீ ஆம்பள. நீ கத்திருக்கலாம்ல? பூட்டை ஒடைச்சிருக்கலாம்ல? இன்னா பண்ணிருப்பான் உன்னை? வேலைய விட்டுத் தூக்கிருப்பான். இப்ப மட்டும் இன்னா, பையத் தூக்கிகினுதான வந்து நிக்கிற?"

அவள் அம்மாகூட இறாலை உரிப்பதை நிறுத்திவிட்டார். நான் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு பந்தை எடுத்து வந்து என் மேல் எறிந்தாள். "போடு."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"போடுண்ணா."

முகத்துவாரத்துப் பக்கம் இருந்த மணல் திடலில், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு நடுவே நின்றாள். மெதுவாக எறிந்தேன். அவள் கை பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொண்டது. பந்து தோளில் பட்டு விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். வலைகட்டிக்கொண்டிருந்த ஒருவர், "கண்ணாடி போட்டுக்கோ கண்ணு" என்றார். "வாய மூடிகினு வலையக் கட்டு மாமா. இருக்கறது ஒரு பந்துதான, ஒரு கண்ணு போதும்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

எத்தனை எறிந்தேன் என்று தெரியாது. தோள் கழன்றுபோனது. அவள் தலையைக் கொஞ்சம் வலப் பக்கம் திருப்பி, இடக் கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில் மூன்றைச் சேர்ந்தாற்போல் பிடித்தாள். நாலாவதை விட்டாள். பந்தை எடுத்துக்கொண்டு, போய்வா என்றுகூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். அம்மா மட்டும், "சோறு கீது, துன்னுட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். பசி, நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை என்று கேட்காமல் வரிசையில் நின்றேன். மேஸ்திரி என் கையைப் பார்த்தார்.

"லைன் போடத் தெரியுமா?"

"தெரியும்."

கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட வேண்டும். கொட்டகைக்கு அழைத்துப் போனார். வெள்ளை பெயின்ட், இருபது லிட்டர் டின், சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. கதவில் பூட்டுக்கூட இல்லை.

"இவ்ளோவுமா?"

"பத்தலைன்னா சொல்லு, இன்னும் வரும். இரும்புப் பொட்டி வைக்கற எடம், லைன் கரெக்டா இருக்கணும்."

கயிறு பிடித்து முதல் கோட்டைப் போட்டேன். காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அரை மணி என்றார். அரை மணி நேரம் அந்தக் கோட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். பிறகு விரலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னாயா பார்த்துகினு கீற? அடுத்த லைன் போடு" என்று மேஸ்திரி கத்தினார்.

"பெயின்டு பத்தலைன்னா நானும் கத்துவேன், இருங்க" என்று சொல்லிவிட்டு, டின்னைத் தூக்கினேன்.